அமெரிக்காவில் நீல நண்டு பிடிக்கப் போகிறேன், வயல் நண்டு அனுபவம் உதவுமா?

வாய்க்கால்மேட்டான், கோபி
மே 6, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஜூன் கடைசியில் நானும் வீட்டுக்காரியும் மேரிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். மூன்று மாதம் தங்கல். பேத்திக்கு எட்டு வயது. போன வாரம் போனில், "அப்புச்சி, இங்கே நீலக் கலர் நண்டு இருக்கு, நாம பிடிக்கலாமா?" என்றாள். மாப்பிள்ளைக்கு நண்டு என்றால் ஓட்டல் தட்டில் வருவது மட்டும்தான் தெரியும். நான் ஒரு வேகத்தில், "அப்புச்சி பிடிக்காத நண்டா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். இப்போது மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்து வயல் நண்டு. வரப்பில் வளை பார்ப்போம். வளை வாயில் ஈர மண் உருண்டை புதிதாகக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று கணக்கு. தென்னை ஈர்க்கில் மண்புழுவைக் கட்டி உள்ளே விட்டால் சித்த நேரத்தில் கொடுக்கால் கவ்வும். அப்புறம் இழுக்கிற இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டால் புழுவை விட்டுவிட்டு உள்ளே போய்விடும். வாய் வரைக்கும் வந்ததும் பின்னால் ஒரு குச்சியைக் குத்தி வழியை அடைத்துவிட்டு மேலிருந்து அமுக்கிவிடுவோம்.

கடல் நண்டுக்கு வளையும் இல்லை, வரப்பும் இல்லை. என்ன கருவி, என்ன இரை, உரிமம் வாங்க வேண்டுமா, எங்கே போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்க. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ரொம்ப நேரம் வெயிலில் நிற்க முடியாது.

பனியன்காரன், திருப்பூர்
மே 6, இரவு 9:02

கடையில் ஒரு டஜன் வாங்கி, கயிற்றில் கட்டித் தண்ணீரில் போட்டு, பேத்தி முன்னால் இழுங்கண்ணா. வேலை முடிந்தது.

திரும்பிவந்தவன், சரவணம்பட்டி
மே 6, இரவு 11:25

அய்யா, நான் மேரிலாந்தில் அன்னாபோலிஸ் பக்கம் ஒன்பது வருடம் இருந்தவன். கோடையில் சனிக்கிழமை தவறாமல் நண்டுக்குப் போவோம். உங்கள் வயல் அனுபவம் நன்றாகவே உதவும். அந்த "மெதுவாக இழுப்பது" கைவந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வருடமே கூண்டு, படகு, நீளக் கயிறு என்று இறங்க வேண்டாம். இரண்டே சாமான் போதும். ஒன்று, பத்துப் பதினைந்து அடி பருத்திக் கயிறு, அதன் நுனியில் ஒரு ஈயக்கட்டி அல்லது கனமான நட்டு. இன்னொன்று, நீளக் கைப்பிடி போட்ட வலை. இரைக்குக் கோழிக் கழுத்து. ஆமாம், நாம் குழம்பில் போட்டுச் சப்புகிற அதே கழுத்துதான். தொழிலுக்கு நண்டு பிடிக்கிறவர்கள் நம்மைப் போன்ற பொழுதுபோக்கு ஆட்களை "சிக்கன் நெக்கர்" என்று கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கழுத்தில் தோலும் நரம்பும் எலும்பும் இருப்பதால் நண்டு பிய்த்துத் தின்ன நேரமாகும். அதுதான் நமக்கு வேண்டியது.

மரப் படகுத்துறை மேல் நின்று கயிற்றை அடிமண் தொடும்வரை இறக்கி, நுனியைக் கம்பத்தில் கட்டிவிடுங்கள். இப்படி ஐந்தாறு கயிறு, சில அடி தள்ளித் தள்ளி. கயிறு தொளதொளவென்று செங்குத்தாகத் தொங்கும். நண்டு இரையைப் பிடித்ததும் அது தன் பக்கம் இழுத்துக்கொண்டு நகரப் பார்க்கும், கயிறு விறைத்துச் சாய்வாகப் போகும். மீன் மாதிரி வெடுக்கென்று இழுக்காது. யாரோ கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்துபோவது போல இருக்கும். பார்த்ததும் இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்து, ஒரு கைக்கு ஒரு சாண் என்று மேலே வாங்குங்கள். சாப்பாட்டு ஞாபகத்தில் நண்டு கூடவே வரும். தண்ணீர் மட்டத்துக்கு ஓரடி கீழே அதன் நிழல் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். வெளிக்காற்றுப் பட்டால் அடுத்த நொடி இரையை விட்டுவிடும்.

இனி வலை. மேலிருந்து போட்டால் நண்டு கீழே பாயும். ஆகவே வலையைத் தள்ளி இறக்கி, நண்டுக்கு அடியில் கொண்டுவந்து, ஒரே தூக்காகத் தூக்க வேண்டும். வலை போடுவதற்கு இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. உங்கள் நிழல் அதன் மேல் விழாத பக்கம் நில்லுங்கள்.

இடம்: கென்ட் தீவில் மேட்டபீக், ரோமன்கோக் என்று இரண்டு பொதுப் படகுத்துறைகள் இருக்கின்றன. வண்டி நிறுத்தம், கட்டணம் எல்லாம் மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லுங்கள். கைக்கயிறும் கைவலையும் மட்டும் என்றால் மேரிலாந்தில் உரிமம் வேண்டாம், ஆளுக்கு நாளைக்கு இரண்டு டஜன் வரை. மற்ற எதற்கும், எந்த நாளில் எந்தக் கருவி என்பதற்கும், மாகாண இயற்கைவளத் துறையின் தளத்தை அந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்து மாகாணமான வர்ஜீனியா போனால் விதியே வேறு.

மஞ்சக்காட்டான், மொடக்குறிச்சி
மே 7, காலை 6:10

கழுத்தை இரண்டு நாள் வெயிலில் வைத்து நாற வைத்தால்தானே நண்டு வரும்? எங்கள் காலிங்கராயன் வாய்க்காலில் செத்த கோழிக்குத்தான் நண்டு மொய்க்கும்.

திரும்பிவந்தவன், சரவணம்பட்டி
மே 7, காலை 9:30

அதை நானும் நம்பி, ஒரு முறை அப்படிச் செய்தேனுங்க. காருக்குள் வாடை ஒரு மாதம் போகவில்லை, நண்டும் கூடுதலாக வரவில்லை. ரொம்ப அழுகினால் சதை கழன்று தண்ணீரில் கரைந்துவிடும். முதல் நாள் இரவே கல்லுப்பில் புரட்டி வைத்தால் தோல் இறுகிக் கயிற்றில் நன்றாக நிற்கும். நான் கடைசி வரை அப்படித்தான் செய்தேன்.

மண்டபம் மருமகன், தாராபுரம்
மே 7, பகல் 1:15

மாமியார் வீடு மண்டபம். அங்கே கிடைக்கும் நீலக்கால் நண்டைத்தான் நாம் கோவை, ஈரோடு மார்க்கெட்டில் பார்க்கிறோம். அதிலும் ஆணுக்குத்தான் நீலம், பெண் பழுப்பும் பச்சையுமாக இருக்கும். அமெரிக்க நண்டு வேறு சாதி, குடும்பம் ஒன்று. இரண்டுக்கும் கடைசிக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். உங்கள் வயல் நண்டு நடக்கும், இது நீந்தும். வலைக்கு வந்துவிட்டது என்று நினைக்கும்போதே பக்கவாட்டில் பறந்துவிடும். அமெரிக்க நண்டுக்கு 1896-ல் வைத்த விலங்கியல் பெயர் காலினெக்டஸ் சாபிடஸ். அழகான நீச்சல்காரன், ருசியானவன் என்று பொருள். பெயர் வைத்த மேரி ராத்பன் அம்மையார் அதைச் சாப்பிட்டிருக்கிறார் என்பது பெயரிலேயே தெரிகிறது.

பிடிக்கும் முறை: வயல் நண்டை முதுகில் அமுக்குவது போல இதை அமுக்காதீர்கள். இதன் கொடுக்கு நீளம், முன்னாலும் மேலேயும் நன்றாக வளையும். பின்பக்கம் போய், துடுப்புக் கால் உடம்போடு சேரும் இடத்தில் கட்டைவிரல் அடியிலும் ஆள்காட்டி விரல் மேலேயுமாகப் பிடிக்க வேண்டும். அங்கே மட்டும் அதற்குக் கை எட்டாது. கவ்விவிட்டால் உதறவோ இழுக்கவோ கூடாது, கொடுக்கு ஒடிந்து விரலிலேயே தொங்கும். கையைத் தண்ணீருக்குள் விட்டால் தப்பிக்கிற வழி தெரிந்து தானாக விடும். பேத்திக்கு நீளமான இடுக்கி வாங்கிக் கொடுங்கள்.

வாய்க்கால்மேட்டான், கோபி
மே 7, இரவு 8:05

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லைங்க. ஆண், பெண் எப்படிப் பார்ப்பது? பெண் நண்டை விட்டுவிட வேண்டும் என்று மகள் சொல்கிறாள்.

திரும்பிவந்தவன், சரவணம்பட்டி
மே 7, இரவு 10:48

ஆமாங்க, மேரிலாந்தில் பொழுதுபோக்காகப் பிடிக்கிறவர்கள் பெண் நண்டை வைத்துக்கொள்ளக் கூடாது. திருப்பிப் போட்டு அடிவயிற்றைப் பாருங்கள். ஒரு மடல் மடிந்திருக்கும். ஆணுக்கு அது கீழே அகலமாகவும் மேலே ஒல்லியாக நீண்டும் இருக்கும். அங்கே அதை வாஷிங்டன் நினைவுத்தூண் என்பார்கள், நமக்குப் பீடத்தோடு நிற்கும் கொடிமரம். வளர்ந்த பெண்ணுக்குக் கவிழ்த்த சட்டி மாதிரி அரைவட்டம். இளம் பெண்ணுக்கு முக்கோணம், இதில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். இன்னொரு அடையாளம், பெண்ணின் கொடுக்கு நுனி சிவப்பு. நகப்பூச்சு போட்டது போல இருக்கும், பேத்திக்கு அது மறக்காது.

அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. பெண் நண்டு வாழ்நாளில் ஒரே ஒரு முறை, கடைசியாகச் சட்டை உரிக்கும்போதுதான் இணை சேரும். அந்த விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, உப்பு அதிகமான செசபீக் வளைகுடா (மேரிலாந்தை ஒட்டியது) வாய்ப்பக்கம் போய் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு கடலில் மிதந்து வளர்ந்து, பிறகு உள்ளே திரும்பி வரும். நம் வயல் நண்டு அப்படி இல்லை, தாயின் வயிற்று மடலுக்குள்ளேயே குஞ்சு நண்டாகவே பொரிந்து வரும். நீங்களே பார்த்திருப்பீர்கள், மடலைத் திறந்தால் கடுகு கொட்டியது போல ஓடும். ஆண் நீல நண்டுகள் உப்புக் குறைந்த ஆற்றுப் பக்கமே தங்கிவிடும். அதனால்தான் மேலே உள்ள ஆறுகளில் ஆண் அதிகம் கிடைக்கும்.

அளவு: முதுகு ஓட்டின் இரண்டு பக்க முள் நுனிக்கும் இடையே அளக்க வேண்டும். ஜூலை 14 வரை குறைந்தது 5 அங்குலம், 15 முதல் 5¼ அங்குலம்.

அளவு சரியாக இருந்தாலும் எல்லா நண்டிலும் சதை இருக்காது. வயிறு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் சட்டை உரித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும், உள்ளே தண்ணீர்தான். வயிறு துருப்பிடித்தது போல அழுக்காக, கையில் எடுத்தால் கனமாக இருப்பதுதான் நல்ல நண்டு. துடுப்புக் காலின் ஓரத்தில் உள்ளே சிவப்புக் கோடு தெரிந்தால் ஓரிரு நாளில் உரிக்கப் போகிறது என்று பொருள். ஆகஸ்ட், செப்டம்பரில் நண்டு நன்றாகக் கொழுத்திருக்கும். ஜூன் கடைசியில் போய் இறங்கியதும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள்.

தண்ணீர் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் மடையைத் திறந்தால் தண்ணீர், மூடினால் இல்லை. அங்கே கடல் ஏறும், வடியும். அசைவே இல்லாத நேரத்தில் இரையின் வாடை பரவாது. ஏறும்போதோ வடியும்போதோ, அதிகாலையில் போனால் உங்களுக்கு வெயிலும் இருக்காது.

மருந்துக்கடை, பொள்ளாச்சி
மே 8, காலை 7:55

அண்ணா, சர்க்கரை இருக்கிறது என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கும். கையில், காலில் கீறல் வழியாக உள்ளே போனால் சர்க்கரை, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குள் மோசமாகிவிடும். புண்ணோடு தண்ணீரில் இறங்காதீர்கள். வெறுங்காலோடு நிற்காதீர்கள், கெட்டிக் கையுறை போடுங்கள். நண்டு கவ்வி ரத்தம் வந்தால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனை. பயணக் காப்பீடு எடுத்துவிட்டீர்களா?

உள்ளூரில் வயல் நண்டு சாப்பிடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நன்னீர் நண்டை அரைவேக்காட்டில் தின்றால் நுரையீரல் புழு வரும், வடகிழக்கு மாநிலங்களில் அப்படி நோயாளிகள் இருக்கிறார்கள். சளிக்கு நல்லது என்று பச்சையாக இடித்து வடிகட்டிக் கொடுக்கிற வழக்கம் யார் வீட்டிலாவது இருந்தால் விட்டுவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ரசம் வைப்பதில் தப்பில்லை. மருந்து அடித்த வயலில் பிடிக்காதீர்கள்.

பனியன்காரன், திருப்பூர்
மே 8, காலை 8:20

மெஷின் கண்காட்சிக்கு இத்தாலி போனபோது இதே நீல நண்டைப் பார்த்தேன். அங்கே அது வேண்டாத விருந்தாளி. போ ஆற்று முகத்துவாரத்தில் சிப்பிப் பண்ணைகளையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. 2023-ல் அதைப் பிடித்து ஒழிக்க அந்த அரசாங்கம் 29 லட்சம் யூரோ ஒதுக்கியது. நம்ம கோபி அண்ணனை இத்தாலிக்கு அனுப்பியிருக்கலாம், பேட்டாவும் கிடைத்திருக்கும்.

ஈரோட்டு அம்மணி
மே 8, பகல் 2:30

பிடிப்பது பற்றியே பேசுகிறீர்கள், கழுவுகிறவள் கஷ்டம் யாருக்குத் தெரியும். செத்த நண்டைச் சட்டியில் போடவே கூடாது, சீக்கிரம் கெட்டுவிடும். உயிரோடு கொண்டுவந்து ஐஸில் அரை மணி நேரம் வைத்தால் மரத்துப்போய்விடும், அப்போது கழுவலாம். அடி மடலைத் தூக்கி, அந்த இடத்தில் பிடித்து முதுகு ஓட்டைக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரல் விரலாக இருக்கும் செவுளைப் பிய்த்து எறியுங்கள். நடுவில் மஞ்சளாக இருப்பது பலருக்கு ருசி. ஆனால் தண்ணீரில் கலக்கும் கழிவெல்லாம் அதில்தான் சேரும், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த ஊரில் கொதிக்க வைக்காமல் ஆவியில் வேகவைத்து, ஓல்ட் பே என்று ஒரு மசாலா தூவிச் சாப்பிடுவார்களாம். என் தங்கை அனுப்பினாள். ஓமமும் செலரியும் கலந்த மாதிரி வாசம். நமக்கு அதெல்லாம் எதற்கு. பள்ளிபாளையம் முறையில் செய்யுங்கள். நல்லெண்ணெயில் விதை எடுத்த வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள். நண்டை உடைத்துப் போட்டு மூடி வைத்தால் அது விடும் தண்ணீரிலேயே வெந்துவிடும். கடைசியில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுங்கள். தக்காளி போடாதீர்கள்.

மஞ்சக்காட்டான், மொடக்குறிச்சி
மே 8, மாலை 5:00

தக்காளி இல்லாமல் நண்டா?

ஈரோட்டு அம்மணி
மே 8, மாலை 5:04

நீங்கள் செத்த கோழியில் பிடிக்கிற நண்டுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பிவந்தவன், சரவணம்பட்டி
மே 8, இரவு 9:15

ஒன்று விட்டுப்போனது. பிடித்த நண்டை வாளித் தண்ணீரில் போடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் இருக்கிற காற்றைக் கொஞ்ச நேரத்தில் தீர்த்துவிட்டு எல்லாம் செத்துவிடும். கூடையில் போட்டு மேலே ஈரச் சாக்கு, நிழல். செவுள் ஈரமாக இருந்தால் பல மணி நேரம் தாங்கும்.

வாய்க்கால்மேட்டான், மேரிலாந்து
ஜூலை 20, காலை 7:30

வந்து மூன்று வாரம் ஆகிவிட்டதுங்க. இரண்டு முறை போனோம். உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் ஜூலை 12. ஆறு கயிறு கட்டினோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. ஒரு கழுத்தைக் கடற்பறவை தூக்கிக்கொண்டு போனது, அதற்கே பேத்தி கைதட்டினாள். அப்புறம் ஒரு கயிறு சாய்ந்தது. கையில் எடுத்தவுடன் எனக்கு ஐம்பது வருடம் பின்னால் போய்விட்டது. ஈர்க்கின் நுனியில் புழுவைக் கவ்விக்கொண்டு வருமே, அதே கனம், அதே தயக்கம். சாண் சாணாக வாங்கினேன். பழுப்புத் தண்ணீரில் பச்சையாக ஒரு நிழல். அதுவரை எல்லாம் சரி. பழக்க தோஷம், மாப்பிள்ளை கையிலிருந்த வலையைப் பிடுங்கி மேலிருந்து அமுக்கினேன். நண்டு கல் மாதிரி கீழே போனது. இப்படியே நான்கு தப்பின. அப்புறம் வலையை மாப்பிள்ளையிடமே கொடுத்துவிட்டேன். ஐந்து வந்தன.

அடுத்த தப்பு நான் வேண்டுமென்றே செய்தது. தண்ணீர் இல்லாமல் நண்டு எப்படி உயிரோடு இருக்கும் என்று மனது கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் மொண்டு விட்டேன். வீடு வந்து பார்த்தால் நான்கு செத்துக் கிடந்தன. அத்தனையும் குப்பைக்கு. சரவணம்பட்டித் தம்பி, மன்னிக்க வேண்டும்.

நேற்று இரண்டாவது முறை. கூடை, ஈரச் சாக்கு, விடியற்காலை ஆறு மணி, வடிகிற தண்ணீர். பதினேழு ஏறியது. பேத்தி பள்ளிக்கூட ஸ்கேலோடு உட்கார்ந்துகொண்டாள். சிவப்பு நகம் என்று ஐந்தைத் திருப்பி விட்டாள். மீதியில் ஒன்று ஐந்தேகால் இருப்பது போலத்தான் எனக்குத் தெரிந்தது. "ஒரு கோடு கம்மி அப்புச்சி" என்றாள். போன வாரம் என்றால் அது சட்டிக்கு வந்திருக்கும். அதையும் சேர்த்து அளவில்லாத நான்கை விட்டோம். எட்டு வீட்டுக்கு வந்தன, எட்டும் உயிரோடு.

அம்மணி சொன்னபடி தக்காளி இல்லாமல்தான் செய்தோம். வரமிளகாய் எண்ணெயில் விழுந்ததும் கூரையில் இருக்கிற புகை மணி அலறத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை துண்டை எடுத்து அதன் கீழே விசிறிக்கொண்டே நின்றார். நண்டு இனிப்பாக இருக்கிறது, நம் வயல் நண்டுக்கு இருக்கிற மண் வாசம் இல்லை. ஓல்ட் பேயும் ஒரு தட்டில் தூவிப் பார்த்தோம். வீட்டுக்காரிக்கு அதுதான் பிடித்தது, இதை அம்மணி படிக்க வேண்டாம்.

ஈரோட்டு அம்மணி
ஜூலை 20, மாலை 6:12

படித்துவிட்டேன்.

மருந்துக்கடை, பொள்ளாச்சி
ஜூலை 20, இரவு 9:40

கையுறை போட்டீர்களா அண்ணா?

வாய்க்கால்மேட்டான், மேரிலாந்து
ஜூலை 21, காலை 6:50

போட்டேன் தம்பி. மாப்பிள்ளை போடவில்லை, கட்டைவிரலில் இரண்டு தழும்பு வாங்கியிருக்கிறார். உடனே சோப்புப் போட்டுக் கழுவினோம், வீக்கம் இல்லை.

மஞ்சக்காட்டான், மொடக்குறிச்சி
செப்டம்பர் 14, காலை 8:30

அண்ணா எப்போது வருகிறீர்கள்? கீழ்பவானியில் தண்ணீர் விட்டு ஒரு மாதம் ஆகிறது. நடவு நடக்கிறது. வரப்பெல்லாம் ஓட்டை, கட்டின தண்ணீர் நிற்கவில்லை.

வாய்க்கால்மேட்டான், மேரிலாந்து
செப்டம்பர் 15, காலை 7:05

அடுத்த வாரம் வருகிறேன். துணிக்குள் சுற்றி கயிறு ஆறையும் பெட்டியில் வைத்தேன். வீட்டுக்காரி மோந்து பார்த்துவிட்டு எடுத்து வெளியே போட்டாள். சோப்பில் ஊறவைத்துக் காயப்போட்டு மறுபடியும் வைத்திருக்கிறேன்.